கவர் நோட்டில் நான் எழுதிய நேரம்

இப்போது வேனுக்கு இன்சூரன்ஸ் போடுகிறவர்கள் வேனைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. செல்போனை நீட்டி நாலு பக்கமும் படம் பிடிக்கிறார்கள், விரலால் இரண்டு தட்டு தட்டுகிறார்கள், பாலிசி வந்துவிடுகிறது. எத்தனை மணி, எத்தனை நிமிடத்துக்கு எடுத்தது என்பதையும் போனே போட்டுக்கொள்கிறது. நல்லதுதான். ஆனாலும் அதைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். நான் அந்த வேலையை மண்டி போட்டுச் செய்தவள்.

மண்டி போட்டு என்றால் நிஜமாகவே மண்டி போட்டு. பழைய வண்டிக்குப் பாலிசி விட்டுப்போயிருந்தால், மறுபடி போடுவதற்கு முன் ஏஜென்ட் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வண்டியின் இரும்புச் சட்டத்தில் எங்கேயாவது ஓரிடத்தில் சேஸிஸ் நம்பர் கொத்தியிருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து, மண்ணையும் கிரீஸையும் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கப் பிடித்துத் தேய்க்க வேண்டும். கறுப்புக்கு நடுவே நம்பர் வெள்ளையாக எழுந்து வரும். பென்சில் பிரிண்ட் என்போம். புடவையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை வேனுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருந்தால் பாலாநகர் பட்டறைகளில் கூட்டம் கூடிவிடும். "வேடிக்கை பார்க்கிறவங்க டார்ச் பிடிங்க" என்று அதட்டுவேன். பிடிப்பார்கள். என் புடவைகள் எதிலும் கரை எது, கிரீஸ் எது என்று என் மாமியாருக்குக் கடைசிவரை புரியவில்லை.

போலாரத்தில் வீடு. என் கணவர் அங்கேயே ராணுவத்தின் கணக்கு அலுவலகத்தில் கிளார்க். காலையில் அவருக்கும் மகளுக்கும் டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினால் பாலாநகர், குகட்பள்ளி என்று சுற்றிவிட்டுச் சாயங்காலம்தான் திரும்புவேன். பால் வேன், ரொட்டி வேன், சாமியானா கம்பங்களை ஏற்றுகிற டெம்போ, ஸ்கூல் வேன் எல்லாம் என் வாடிக்கை. நம்பரைச் சொன்னால் ஓனர் முகம் ஞாபகம் வரும். ஓனர் முகத்தைப் பார்த்தால் எந்த மாதம் பாலிசி முடிகிறது என்பது ஞாபகம் வரும். இன்றைக்குக் காலையில் என்ன சாப்பிட்டேன் என்பது மறந்துவிடுகிறது, அந்த நம்பர்கள் மறக்கவில்லை.

கவர் நோட்டு என்ற ஒன்று அப்போது இருந்தது. பாலிசி தபாலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் நாங்கள் கையால் எழுதிக் கொடுக்கிற மஞ்சள் தாள்தான் பாலிசி. புத்தகமாகக் கட்டியிருப்பார்கள், நடுவில் கார்பன் வைத்து எழுத வேண்டும். அதில் வண்டி நம்பர், சேஸிஸ் நம்பர், ஓனர் பெயர் எல்லாம் எழுதியபின் ஒரு சின்னக் கட்டம் வரும். எந்தத் தேதி, எத்தனை மணியிலிருந்து. அந்தக் கட்டத்தில் எழுதுகிற நேரத்திலிருந்துதான் கம்பெனி பொறுப்பு. அதற்கு ஒரு நிமிடம் முன்னால் வண்டி கவிழ்ந்தாலும் கம்பெனிக்குச் சம்பந்தமில்லை.

அந்தக் கட்டத்தில்தான் நான் என் சாமர்த்தியத்தைக் காட்டினேன்.

வண்டி வாங்குகிறவர்கள் எல்லோரும் நல்ல நேரம் பார்க்கிறவர்கள். வண்டியை எடுக்க ஒரு நேரம், சாவி வாங்க ஒரு நேரம். இன்சூரன்ஸ் தாளில் ராகு காலம் எழுதியிருந்தால் சும்மா விடுவார்களா? முகம் சுண்டிவிடும். முதல் வருடமே எனக்குப் புரிந்துவிட்டது. அதிலிருந்து நான் எத்தனை மணிக்கு எழுதினாலும் கட்டத்தில் அவர்கள் சொல்கிற நேரத்தைத்தான் போடுவேன். அரை மணி, ஒரு மணி தள்ளிப் போட்டால் என்ன குடி முழுகிவிடப் போகிறது? அந்த நேரம்வரை வண்டியை எடுக்கப் போவதில்லையே. "அந்த போலாரம் அம்மா நேரம் பார்த்து எழுதிக் கொடுப்பாங்க" என்று பெயர் பரவியது. மற்ற ஏஜென்ட்டுகளின் வாடிக்கையெல்லாம் என்னிடம் வந்து சேர்ந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் நாங்கள் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச் கொயரில் பாடுகிறவள் நான். என் கைப்பையில் பைபிள் வசன அட்டைக்குப் பக்கத்திலேயே ராகு கால அட்டவணை இருக்கும். என் கணவர் ஒருநாள் சில்லறை தேடப் போய் அதைப் பார்த்துவிட்டார்.

"உனக்கு ஆண்டவர் பெருசா, ராகு பெருசா?" என்றார்.

"பாலாநகர்ல ராகுதான் பெருசு" என்றேன். அவர் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் அந்த வேன்காரரை எனக்கு அறிமுகப்படுத்தியது ஒரு ரொட்டி வேன் ஓனர். வேன்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப் குடும்பத்துப் பையன். அப்பா காலத்தில் வட ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்தவர்கள். பத்துப் பன்னிரண்டு வருடம் யார் யாருடைய வேனையோ ஓட்டியவர், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சொந்தமாக ஒரு பழைய வேன் வாங்கியிருந்தார். மனைவி தெலுங்குப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு கணவரிடமே தமிழ் கற்றுக்கொண்டவள், என்னிடம் தமிழில்தான் பேசுவாள். வேன் வாங்கியதில் அவளுடைய வளையலும் சங்கிலியும் இருந்தன. கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது என்பதால் எனக்குத் தெரியும், அவள் சொல்லவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வேனின் பழைய பாலிசி முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் போனபோது சந்து முனையில் வேன் மாலை போட்டு நின்றது. மண்டி போட்டேன், நம்பரைத் தேய்த்து எடுத்தேன், கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். பிரீமியத்துக்கு முந்தின நாளே பேங்கில் டிராப்ட் எடுத்து வைத்திருந்தார். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு கவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். எதிரே சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது.

"இப்ப ராகு காலம் அக்கா" என்றாள் அவள், டீயை வைத்துக்கொண்டே. "பன்னிரண்டு பத்துக்குப் பூசை. கோயில் பந்துலு நேரம் குறிச்சுக் குடுத்திருக்கார். நீங்க அப்ப எழுதுங்க, அக்கா. இருந்து சாப்பிட்டுப் போங்க."

எனக்குப் பன்னிரண்டு மணிக்குப் பாலாநகரில் ஒரு ஃபேக்டரியில் மூன்று வேன் பார்க்க வேண்டியிருந்தது. "இப்பவே எழுதிடறேன், நேரத்தைப் பன்னிரண்டு பத்துன்னு போட்டுடறேன். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க" என்றேன்.

"ஹவ், சரி அக்கா, நான் ஏன் தொடப் போறேன்?" என்றார் அவர். எலுமிச்சம்பழத்தைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷம் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

எழுதினேன். பகல் 12.10 முதல். கிழித்துக் கொடுத்தேன். அவள் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் கிளம்பிப் போன பிறகு நடந்ததை அப்புறம் தெரிந்துகொண்டேன். காலனிக்குத் தண்ணீர் லாரி வந்திருக்கிறது. மூன்று நாளாக வராத லாரி. சந்து முனையில் மாலையோடு இந்த வேன் நிற்கிறது, லாரி உள்ளே நுழைய முடியவில்லை. குடமும் பக்கெட்டுமாக நின்ற பெண்கள் வாய்க்கு வந்தபடி திட்ட, லாரிக்காரன் ஹாரனை அழுத்தி, "வழி விடறியா, நான் திரும்பிப் போகட்டுமா?" என்று கத்தியிருக்கிறான். தண்ணீர் லாரி திரும்பிப் போனால் அந்தக் காலனியில் அதற்குப் பிறகு குடியிருக்க முடியுமா? இவர் ஓடிப்போய் வேனை எடுத்திருக்கிறார். ஒரு பத்தடி பின்னால் எடுத்து மெயின் ரோட்டில் ஓரம் கட்டத்தான். ரோட்டில் வந்த ஸ்கூட்டர் மேல் வேனின் பின்பக்கம் இடித்துவிட்டது. ஸ்கூட்டரில் வந்தவர் பாலாநகரில் இரண்டாம் ஷிஃப்ட்டுக்குப் போகிறவர். கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது.

போலீஸ் வந்து விபத்து நேரம் என்று எழுதிக்கொண்டது பதினொன்று முப்பத்தைந்து.

ஃபேக்டரி வாசலில் நான் மண்டி போட்டிருந்தபோது என் செல்போன் அடித்தது. அப்போதுதான் புதிதாக வாங்கியிருந்தேன், எடுக்கவே பயமாக இருக்கும். "அக்கா, ஆக்ஸிடென்ட் ஆயிடுச்சு. பேப்பரை எஸ்.ஐ. வாங்கி வச்சுக்கிட்டார். பன்னிரண்டு பத்துன்னு இருக்கே அக்கா. இப்ப என்ன பண்றது?" என்றார். பென்சில் எங்கே விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இருந்தார், உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் மாசக்கணக்கில் வேலைக்குப் போக முடியாது. நஷ்டஈடு கேட்டு அவர் வழக்குப் போட்டால், கம்பெனி கொடுக்காவிட்டால், இவர்தான் கொடுக்க வேண்டும். வேனை விற்றாலும் போதாது. வேன்காரர் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் மனைவி மேல் காட்டிக்கொண்டிருந்தார்.

"உன் நல்ல நேரம்தான் இது. உன் பந்துலு குறிச்ச நேரம். நான் நக்கோ நக்கோ, வேணாம்னு சொன்னேன், கேட்டியா? பத்து ஐம்பதுக்கே எழுதியிருந்தா இந்தக் கதியே இல்லை."

அவள் மாலையிலிருந்து உதிர்ந்த சாமந்தியைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். நேரம் சொன்னது அவளாக இருக்கலாம், பேனாவைப் பிடித்தது யார்? ஆனால் நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தூங்கவில்லை. கொயரில் வாய் மட்டும் அசைந்தது. உண்மை என்ன? நான் டிராப்டை வாங்கியதும் தாளைக் கொடுத்ததும் பத்து ஐம்பதுக்கு. அந்த நேரத்தை உள்ளபடி எழுதியிருந்தால் பதினொன்று முப்பத்தைந்துக்கு அந்த வேனுக்கு இன்சூரன்ஸ் உண்டு. அதைச் சொன்னால் அவர் பிழைப்பார். ஆனால் சொன்னால் இத்தனை வருடமாக அந்தக் கட்டத்தில் நான் எழுதியதெல்லாம் பொய் என்றும் சொல்ல வேண்டும். கம்பெனி என்னை வைத்துக்கொள்ளாது. சொல்லாவிட்டால் வேன் போகும், என் புத்தகம் என்னிடமே இருக்கும்.

கணவரிடம் சொன்னேன். வழக்கமாகக் கிண்டல் பண்ணுகிறவர், அன்றைக்குப் பண்ணவில்லை. "உனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும்ல?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பிடிக்கும் என்பது சின்ன வார்த்தை.

திங்கட்கிழமை கம்பெனிக் கிளைக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவர். தெலுங்கும் இங்கிலீஷுமாகப் பேசுவார். போலீஸிலிருந்து அவருக்குத் தகவல் வந்திருந்தது. என் புத்தகத்தை வாங்கிக் கார்பன் நகல்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் வேண்டிக்கொண்டிருந்தேன், எதை என்றுதான் தெரியவில்லை. பாதிப் புத்தகம் புரட்டியபின் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள் கஸ்டமர் ஒருத்தர்கூட ராகு காலத்தில் வண்டிக்கு இன்சூரன்ஸ் எடுப்பதில்லையா, மேடம்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, அதை விடுங்கள்" என்றார். "இந்தத் தாளில் பன்னிரண்டு பத்து என்று இருக்கிறது. விபத்து அதற்கு முன்னால். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பேப்பர் பேசட்டும்."

அவர் எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். அவர் மேல் இல்லை, அந்த மஞ்சள் தாள் மேல், என் மேல். "பேப்பர் பொய் பேசுது, சார்" என்றேன். "அந்தப் பொய்யை எழுதினவ நான். டிராப்டை வாங்கிட்டுத் தாளைக் கொடுத்தது பத்து ஐம்பதுக்கு."

"இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீர்களா?"

"பேப்பர் கொடுங்க" என்றேன்.

அவர் மேசையிலேயே தாளை வைத்து எழுதினேன். வேனைப் பற்றி, டிராப்டைப் பற்றி, ராகு காலத்தைப் பற்றி, மற்ற நேரங்களைப் பற்றி எல்லாம் எழுதினேன். படித்துவிட்டு அவர், "க்ளெய்மைக் கம்பெனி ஏற்கும். டிராப்டில் முந்தின நாள் தேதி இருக்கிறது, உங்கள் கடிதமும் இருக்கிறது" என்றார். பிறகு, "புத்தகத்தை இங்கேயே வைத்துவிட்டுப் போங்கள், மேடம்" என்றார்.

அதில் இன்னும் ஏழு வெற்றுத் தாள் இருந்தது. மேசையில் வைத்தேன். வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணப் போய், பண்ணாமல் அதன்மேலேயே உட்கார்ந்து அழுதேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

வேன்காரரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "உன் நல்ல நேரத்தால அக்கா வேலையும் போச்சு" என்று ஆயுசுக்கும் அவளைக் குத்திக்காட்டுவார். அதனால், "டிராப்ட் தேதியைப் பார்த்தாங்க, சரின்னுட்டாங்க" என்றேன். அடுத்த வருடம் பாலிசியைப் புதுப்பிக்கக் கூப்பிட்டபோது முழங்கால் வலி, ஸ்கூட்டர் ஓட்ட முடியவில்லை, வேலையை விட்டுவிட்டேன் என்றேன். முழங்காலில் எனக்கு ஒரு வலியும் இல்லை. போலாரத்திலேயே ஒரு ஸ்கூல் ஆபீஸில் சேர்ந்து ரிடையர் ஆகும்வரை அங்கேயே இருந்தேன். சுத்தமான வேலை, புடவையில் கறை படாது. மத்தியான நேரத்தில் வாசலில் ஸ்கூல் வேன்கள் வந்து வரிசையாக நிற்கும்போது ஜன்னல் வழியாக நம்பர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இதன் சேஸிஸ் நம்பர் வலது சக்கரத்துக்கு மேலே இருக்கும், அதன் நம்பர் சீட்டுக்கு அடியில் என்று மனசு தானாகச் சொல்லும்.

அடிபட்டவர் எழுந்து நடந்தார், நஷ்டஈடும் வாங்கினார். வேன் வேன்காரரிடமே இருந்தது. அதை வைத்து இன்னொன்று வாங்கினார். கிறிஸ்துமஸுக்கு வருடம் தவறாமல் கணவனும் மனைவியுமாக வந்து கேக் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு முறையும் வேன்காரர் என் கணவரிடம் அதையே சொல்வார்: "அக்கா எழுதிக் குடுத்த நேரம் நல்ல நேரம் சார். இல்லாட்டி அந்த ஆளு உயிரோட எழுந்திருப்பாரா? நானும் கோபத்துல இவளைத் திட்டிட்டேன். அக்கா மாதிரி நேரம் பார்த்து எழுத இப்ப யார் இருக்கா?" என் கணவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் கேக்கை வெட்டிக்கொண்டிருப்பேன். போன வருடம் என் கணவர் காலமான பிறகு, என் முகத்தைப் பார்க்கவும் ஆளில்லாமல் போய்விட்டது.

போன வாரம் வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் ஹாரன் கேட்டது. எட்டிப் பார்த்தால் புத்தம் புது வேன், மாலையோடு. வேன்காரரின் மூன்றாவது வேன். அவருக்கும் மனைவிக்கும் தலை நரைத்துவிட்டது. குகட்பள்ளியிலிருந்து போலாரம் வரைக்கும், இந்த டிராஃபிக்கில், மாலை உதிராமல் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"இன்சூரன்ஸ் பையனே போன்ல போட்டுட்டான், அக்கா. ஆனா எனக்கு மனசு ஆறலை" என்றார். "நீங்க உங்க கையால ஒரு வெள்ளைத் தாள்ல வண்டி நம்பரும் நேரமும் எழுதிக் குடுங்க. வண்டியில வச்சுக்கறேன். அது போதும். பன்னிரண்டு பத்துன்னு எழுதுங்க. அதுவரைக்கும் வண்டியை எடுக்க மாட்டேன், சத்தியமா."

எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார். அவள் என்னோடு உள்ளே வந்தாள். மகளின் பழைய நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துச் சாப்பாட்டு மேசையில் வைத்து உட்கார்ந்தேன். வண்டி நம்பர் எழுதினேன். பேனா நேரத்துக்கு வந்து நின்றது. வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அட்டவணை பார்க்காமலே இன்றும் சொல்வேன்.

நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஏழு. அதையே எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினேன்.

அவள் படித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.

"அன்னைக்கும் கடியாரத்தைப் பார்த்துட்டுதான் எழுதுனீங்க, அக்கா" என்றாள் மெதுவாக. "நான் டீ வச்சுட்டுப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். அப்புறம் ஒருநாள் உங்க ஆபீசுக்குப் போனேன், மிச்சப் பேப்பர் வாங்க. நீங்க எழுதிக் குடுத்ததை, வேலை போனதை எல்லாம் அங்க மேனேஜர் சொன்னார். எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் நான் சொல்லலை."

"எத்தனை வருஷமாத் தெரியும்?" என்றேன்.

"முதல் கேக் சாப்பிட வந்தோமே, அதுக்கு முன்னாலேருந்து" என்றாள்.

தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வாசலுக்குப் போய்க் கணவரிடம் கொடுத்தாள். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், "நல்ல நேரமா போட்டிருக்காங்க?" என்று கேட்டார்.

"அக்கா எழுதினது நல்ல நேரம்தான். இப்பவே எடுங்க" என்றாள். அவர் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்தார்.